பவர் சித்தரின் கட்டைவிரல்

மனுஷனுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மாட்டுக்குச் சரியில்லை என்றால் மாட்டாஸ்பத்திரிக்குப் போகிறோம். லேப்டாப்புக்கு உடம்பு சரியில்லை என்றால்? கரிக்கலாம்பாக்கத்துக்குப் போகிறோம்!

சிரிக்காதீர்கள். போனவர்களில் பட்டதாரிகள் உண்டு. வாத்தியார் உண்டு. ஊருக்கே இன்சூரன்ஸ் போட்டுவிடும் புத்திசாலி ஏஜென்ட்டும் உண்டு. நேற்றுவரை நெல் விளைந்து, இன்று மனைக்கல் விளைகிற ஒரு நிலத்தில், தகரக் கொட்டகை ஒன்று. அதன் முன்னால் தென்னை மர உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். ‘செத்த லேப்டாப்புக்கு உயிர் கொடுக்கும் பவர் சித்தர். பேட்டரி பீடை, வைரஸ் ஏவல், கீபோர்டு கட்டு, மதர்போர்டு தோஷம் அனைத்துக்கும் பரிகாரம். ஞாயிறும் உண்டு.’

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். வில்லியனூரிலிருந்து ஆட்டோ, பாகூரிலிருந்து வேன். இளநீர்க் கடை, டீக்கடை, எலுமிச்சம்பழக் கடை. வண்டி நிறுத்தத் தனி டோக்கன். இத்தனை கடையும் போட்ட மகராசன்கள் ஒரு லேப்டாப் ரிப்பேர்க் கடை மட்டும் போடவில்லை. போட்டால் யார் போவார்கள்?

"பெங்களூருல பெரிய இஞ்சினியரே கைய விரிச்சிட்டாராம்பா. சித்தரு சும்மா தொட்டாரு. பொட்டி பாட்டே பாடிச்சாம்."

"எங்க மச்சானுக்கு இன்னா ஆச்சின்னு கேளு. லேப்டாப்பும் எழுந்துக்கிச்சி, அவனுக்குப் பொண்ணும் அமைஞ்சிடிச்சி."

இந்தப் பேச்சையெல்லாம் வாய் பிளந்து கேட்டுக்கொண்டு வரிசையில் நின்றான் பச்சையப்பன். கிருமாம்பாக்கத்துக் கரும்பு விவசாயி. நல்லவன். யார் எதைச் சொன்னாலும் நம்புகிற அளவுக்கு நல்லவன். அவன் கையில் டர்க்கி டவல் சுற்றிய ஒரு லேப்டாப். அது அவனுடையது இல்லை. அவன் மனைவி செல்வகுமாரியுடையதும் இல்லை. அவள் வேலை பார்க்கும் சென்னைக் கம்பெனியுடையது.

கல்யாணமாகிப் பல வருஷம் அடுப்படியிலேயே போனபிறகு செல்வகுமாரிக்குக் கிடைத்த முதல் வேலை அது. வீட்டிலிருந்தே மெடிக்கல் பில்லிங். பயிற்சிக் காலம் முடிந்து, நாளை திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் லாகின் போட வேண்டும். போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் அவளுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறவளுக்கு நிரந்தரம்.

அரியூர் ஆஸ்பத்திரியில் தங்கச்சிக்குப் பிரசவம் என்று லீவு போட்டுக் கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எத வேணா பண்ணு. லேப்டாப்ப மட்டும் தொடாத."

அவன் தொடவில்லை. பூஜைதான் செய்தான்.

ஆயுத பூஜை வந்தது. டிராக்டருக்குப் பொட்டு வைத்தான். மோட்டார், மண்வெட்டி, கடப்பாரை, கரும்பு வெட்டும் கத்தி, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் வைத்தான். கடைசியில் லேப்டாப்பைப் பார்த்ததும் அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொண்டாட்டி சம்பாதிக்கிற ஆயுதமாயிற்றே, கஞ்சத்தனம் பண்ணலாமா? சந்தனத்தை அள்ளிக் குழைத்து மூடியில் மூன்று பட்டை, மூலைக்கு மூலை ஒரு பொட்டு, பக்கவாட்டில் தாராளமாக நாலு தீற்று, அதன்மேல் குங்குமம். பொரி கடலையைத் தூவி, கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டான். இரண்டு நாள் கழித்து, அவள் வருவதற்குள் சார்ஜ் ஏற்றி வைப்போமே என்று சார்ஜரைக் குத்தித் திறந்தான். விளக்கு எரியவில்லை. திரை கரிச்சட்டியாகக் கிடந்தது.

பூஜை போட்ட பொருள் பூஜையாலேயே கெட்டிருக்கும் என்று நம் ஆளுக்குத் தோன்றுமா? ‘எந்தச் சண்டாளன் கண்ணு பட்டுதோ!’ என்றுதான் தோன்றியது. அப்படிப்பட்ட வாடிக்கையாளருக்காகவே தகரக் கொட்டகையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

பவர் சித்தர் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி முழுக்க விபூதி பூசி, கழுத்து முழுக்க ருத்திராட்சக் கொட்டை கட்டியிருந்தார். காதில் ப்ளூடூத். தேவலோகத்திலிருந்து கால் வந்தால் எடுக்க வேண்டுமல்லவா? பக்கத்தில் மைக்கோடு நின்றவன் அவருடைய மச்சான் கலைவேந்தன்.

"அமைதி, அமைதி! சாமி இப்ப பவர் ஏத்தப் போறாரு! செல்போன்ல படம் புடிச்சா உங்க போன் செத்துடும், அப்பறம் அதுக்கு வேற பூஜ!" என்றான் மைக்கில். அத்தனை போனும் பைக்குள் போயின.

முதலில் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டின் லேப்டாப். சித்தர் சார்ஜரைப் பிடுங்கித் தள்ளி வைத்தார். கீபோர்டு மேல் கைநிறைய விபூதியைக் குவித்தார். குவியலுக்குள் கட்டைவிரலைப் புதைத்தார். கண்ணை மூடினார்.

"ஓம் ரீம் பூம் பட்பட் படீர்! உறங்கும் பொட்டியே உசுரே வா! வயரில் வா, ஒயரத்தில் வா! ரீம் பூம் பட்பட் படீர்..."

மந்திரம் போய்க்கொண்டே இருந்தது. விரல் அசையவில்லை. பிறகு விரலை எடுத்து, சார்ஜரைக் குத்தி, குவியலுக்குள் மெல்ல ஒரு தட்டு. பளிச்! திரை எரிந்தது. "அரோகரா!" கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ஏஜென்ட் கண்ணீரோடு காணிக்கையை உண்டியலில் போட்டார்.

பச்சையப்பன் முறை வந்தது. அதே விபூதி, அதே விரல், அதே ரீம் பூம். சித்தர் தட்டினார். இருட்டு. மறுபடி மந்திரம், மறுபடி தட்டு. மறுபடி இருட்டு. வேறொருவராக இருந்தால் வேர்த்திருக்கும். சித்தர் சார்ஜரைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இதுல செத்துப்போன ஒரு கன்னி கீறா."

"சார்ஜர் உள்ளயா சாமி?"

"பின்ன? வயர் வழியாத்தான ஏறுவா."

கலைவேந்தன் அந்தச் சார்ஜரை இடுக்கியால் பிடித்து, மூலையில் இருந்த கோணிக்குள் போட்டான். "கன்னிய கட்டியாச்சி! அமாவாசைக்கு மொத்தமா கடல்ல கரைச்சிடுவோம்!" என்றான். அடுத்த நொடியே மஞ்சள் துணியில் சுற்றிய வேறொரு சார்ஜரை நீட்டினான். "காசி சார்ஜர். கங்கையில முக்கி எடுத்தது. எந்தப் பொட்டிக்கும் சேரும். இதுக்குக் காணிக்க தனி."

கங்கையில் முக்கினால் சார்ஜர் கெட்டுப்போகாதா என்று ஒரு கேள்வி பச்சையப்பன் மனசில் லேசாக எழும்பியது. எழும்பியதுதான் தாமதம், தப்பு தப்பு என்று கன்னத்தில் போட்டு அதைக் கொன்றுவிட்டான்.

காசி சார்ஜருக்கும் விளக்கு எரியவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. சித்தர் நிதானமாகக் கேட்டார்.

"இத யார் தொடறது?"

"எங்க வூட்டுக்காரம்மா சாமி."

"அதான! பொம்பள கை. எந்தத் தீட்டோட தொட்டாளோ! மிஷின் கோவிச்சிக்கிச்சி. அவளே வரணும். ஈரப் புடவ கட்டிக்கினு, தலைய விரிச்சிப் போட்டுக்கினு, இந்தப் பொட்டிய சுத்தி வந்து மன்னிப்பு கேக்கணும்."

கூட்டத்துக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. சித்தர் பேரில் தப்பில்லை. எங்கேயோ இருக்கிற ஒரு பொம்பளை பேரில்தான் தப்பு. இப்படியொரு விளக்கத்தைக் கேட்டால் நம் ஜனங்களுக்கு எவ்வளவு நிம்மதி!

பச்சையப்பன் வெளியே வந்து, இளநீர்க் கடை மறைவில் நின்று போன் போட்டான்.

"செல்வி... நீ கோவப்படாத."

"லேப்டாப்ப இன்னா பண்ண?" என்றாள் செல்வகுமாரி. பல வருஷக் குடித்தனம், தெரியாதா?

அவன் விம்மி விம்மி எல்லாவற்றையும் சொன்னான். சித்தர், கன்னி, காசி, ஈரப் புடவை.

"நாளைக்கு எனுக்கு இன்னா நாளுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் செல்வி."

"அங்கியே நில்லு. வரன்."

அவள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. புடவை காய்ந்துதான் இருந்தது. தலை இறுக்கிப் பின்னியிருந்தது. டர்க்கி டவல் மூட்டையோடு ஓடிவந்த புருஷனைத் தாண்டி நடந்தாள். அதுதான் அவனுக்குப் பேயைவிடப் பயமாக இருந்தது.

நேரே கொட்டகைக்குள் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மடியில் செத்த லேப்டாப்போடு தன் முறைக்குக் காத்திருந்தார் தமிழ்க்குமரன் சார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லித் தருகிறவர். அவர் கையிலும், முன்னெச்சரிக்கையாக வாங்கிய ஒரு மஞ்சள் துணிச் சார்ஜர்.

"நீங்களுமா சார்?"

"சயின்ஸ் இருக்குதும்மா இதுல. மனுஷ உடம்புல கரன்ட் ஓடுது. சித்தருக்குக் கொஞ்சம் அதிகமா ஓடுது, அவ்ளோதான்." இவரிடம் படித்த பிள்ளைகள் எதிர்காலத்தில் இந்தக் கொட்டகைக்குத்தான் வரப் போகிறார்கள்.

மேடையில் யாருடைய லேப்டாப்புக்கோ ரீம் பூம் நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் சித்தரின் வாயைப் பார்த்தார்கள். செல்வகுமாரி அவர் விரலைப் பார்த்தாள். சார்ஜரைப் பிடுங்கியது, விரல் புதைந்த இடம், அது அசையாமல் நின்ற நேரம், பிறகு ஒரே ஒரு தட்டு. பார்த்து முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்தாள்.

"சாமி, ஒரு சந்தேகம். விரல எடுத்துட்டு மந்திரத்த மட்டும் ஒரு தடவ சொல்லுங்களேன், பாப்போம்."

"விரல் வழியாத்தாம்மா அருள் எறங்கும்."

"சரி. அப்ப மந்திரத்த வுட்டுட்டு விரல மட்டும் வெச்சிப் பாருங்க."

"வாய் பேசாம அருள் எப்பிடி வரும்?" சித்தர் குரல் உயர்ந்தது. "தெய்வத்தையே சோதிக்கிறியா நீ?"

"தெய்வத்த இல்ல சாமி. விரல."

"யாரும்மா நீ?" என்று மைக்கில் அலறினான் கலைவேந்தன்.

"தீட்டோட தொட்டவள்னு சொன்னீங்களே, அவதான். ஈரப் புடவைக்கி நேரமில்ல." அவள் தமிழ்க்குமரன் பக்கம் திரும்பினாள். "சார், உங்க பொட்டியக் குடுங்க. சயின்ஸுன்னு சொன்னீங்க இல்ல? செஞ்சே பாத்துடுவோம்."

சயின்ஸ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாரே, மறுக்க முடியவில்லை. கொடுத்தார். செல்வகுமாரி லேப்டாப்பை எல்லாரும் பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடித்தாள். விபூதி கிடையாது. பவர் பட்டன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அப்பா கடலூர் ரோட்டில் தனியார் பஸ் கண்டக்டர். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த மந்திரம் அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டாள்.

"முதலியார்பேட்ட, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியகோயில், முள்ளோட, கடலூர், கடலூர், கடலூர்! படியில நிக்காத, உள்ள போ உள்ள போ! பின்னால எடம் காலியா இருக்குது பாரு! சில்லறயா குடு சில்லறயா குடு! பொம்பளைங்க எறங்கட்டும், வழிவுடு! ரைட், ரைட், போலாம் ரைட்!"

விரலை எடுத்தாள். மஞ்சள் துணியிலிருந்து சார்ஜரை உருவினாள். அதைப் பார்த்ததும் அவள் புருவம் ஒரு முறை ஏறி இறங்கியது. ஒன்றும் சொல்லாமல் குத்தினாள். பட்டனை ஒரு தட்டு தட்டினாள்.

பளிச்!

தமிழ்க்குமரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அப்போதும் எரிந்தது.

"கம்பெனியில சேந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் செல்வகுமாரி. "லேப்டாப் திடீர்னு எழுந்துக்கலன்னா சார்ஜரப் புடுங்கு, பவர் பட்டன அர நிமிஷம் அழுத்திப் புடி, உள்ள தங்கியிருக்கிற கரன்ட் வடிஞ்சிடும், அப்பறம் சார்ஜரக் குத்தி ஆன் பண்ணு. அவ்ளோதான். அந்த அர நிமிஷத்துல நீ தேவாரம் பாடு, பஸ் ஸ்டாப்பு சொல்லு, பொண்டாட்டியத் திட்டு. மிஷினுக்குக் காது கெடையாது. மந்திரம் எதுக்கு? விரல் எவ்ளோ நேரம் இருக்குதுன்னு நீங்க பாக்கக் கூடாதுங்கறதுக்கு. விபூதி எதுக்கு? விரல் எங்க இருக்குதுன்னு நீங்க பாக்கக் கூடாதுங்கறதுக்கு."

பிறகு சார்ஜரை உயர்த்திக் காட்டினாள்.

"இந்தக் காசி சார்ஜர் எப்ப வந்துது?"

"போன மாசமே வந்துடிச்சி," என்றான் கலைவேந்தன். மைக்கைக் கீழே இறக்கிவிட்டான்.

"காசியிலயும் பச்ச நெயில் பாலிஷ்தான் போடுறாங்களா?"

சார்ஜர் டப்பாவின் மேல் பச்சையில் ஒரு குட்டிப் பூ. அவள் தன் கட்டைவிரல் நகத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அதே பச்சை. புருஷன் போன் சார்ஜரையும் இதையும் மாற்றி மாற்றிக் குத்துகிறானே என்று அவளே வைத்த அடையாளம் அது. காலையில் கன்னி குடியிருந்த சார்ஜர், மத்தியானத்துக்குள் காசிக்குப் போய் கங்கையில் முழுக்குப் போட்டுத் திரும்பியிருக்கிறது. அத்தனை வேகமான ரயில் நம் நாட்டில் இன்னும் விடப்படவில்லை.

அடுத்த கணம் கோணி கவிழ்ந்தது. "டேய், இது என்னுதுடா!" "ஒயர்ல எலி கடிச்சது, இது எங்க வூட்டுதுடா!" என்று ஆளாளுக்குப் பேய் பிடித்த சார்ஜர்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். யாரையும் எந்தக் கன்னியும் பிடிக்கவில்லை. கலைவேந்தன் மட்டும் வேலியைத் தாண்டி ஓடுகையில் ஒரு செருப்பை விட்டுவிட்டான்.

நாலு பேர் சித்தரின் சட்டையைப் பிடிக்கப் போனார்கள். சட்டை இல்லாததால் கொட்டை மாலையைப் பிடித்தார்கள்.

"அடிக்காதீங்க," என்று நடுவில் புகுந்தாள் செல்வகுமாரி. "உண்டியலத் தெறந்து அவங்கவங்க போட்டத எடுத்துக்குங்க. சாமி, உங்க பேரு இன்னா?"

"புகழ்வேந்தன்மா," என்றார் சித்தர். குரலில் இருந்த தேவலோகம் இறங்கிவிட்டது. "டவுன்ல லேப்டாப் சர்வீஸ் கட வெச்சிருந்தேன். இதே வேலதான் செஞ்சேன். பட்டன அழுத்திக் குடுத்தா, ‘ஒரு பட்டன அழுத்தினதுக்கா காசு கேக்குற, திருட்டுப் பய’ன்னு திட்டிட்டுப் போவாங்க. கட முழுகிப் போச்சி. அதே பட்டன் மேல விபூதியப் போட்டேன். கால்ல வுழுந்தாங்க. நான் இன்னாம்மா பண்றது?"

கூட்டத்தில் பலருக்குத் திடீரென்று தரையில் பார்க்க நிறைய விஷயம் இருந்தது.

"நீ பண்ணதுக்கு நீதான் பதில் சொல்லணும்," என்றாள் செல்வகுமாரி. "ஆனா நீ சொன்னது பொய்யில்ல." அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

இத்தோடு எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் நடந்ததைத்தானே சொல்ல வேண்டும்! பின்வரிசையிலிருந்து காசம்மாள் என்ற அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். இடுப்பில் ஒரு மிக்ஸி. செல்வகுமாரி காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே! பவர் அம்மா! அவன் போலி, நீதான் அசலு! என் மிக்ஸிக்கும் அந்தத் தவளக்குப்பம் மந்திரத்தச் சொல்லும்மா!"

"ஆமாம்மா! சொல்லும்மா!" என்று பத்துப் பேர் கும்பிட்டார்கள். ஒருவன் சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து, "அரியாங்குப்பத்துக்கு அப்பறம் எதும்மா?" என்று உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தான். தமிழ்க்குமரன் சாரின் கைகளும் பழக்க தோஷத்தில் பாதி வரை குவிந்துவிட்டன.

செல்வகுமாரிக்கு அன்றைக்கு முதல் தடவையாக நிஜமாகவே கோபம் வந்தது.

"எழுந்திரு பெரிம்மா! மிக்ஸிய ஜாடி சரியா மாட்டித் திருப்பிப் பாத்தியா? பிளக்குல வேற சாமான் சொருகிப் பாத்தியா? இல்ல! நேரா இங்க தூக்கினு வந்துட்ட!" அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "மிஷின் எழுந்துக்கலன்னா அழுத்தறதுக்குப் பட்டன கம்பெனிக்காரனே வெச்சி அனுப்பிட்டான். உங்க மண்டைக்கி யாரும் வெச்சி அனுப்ப மாட்டாங்க. நீங்களேதான் எழுப்பிக்கணும்!"

சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய், தன்னுடைய லேப்டாப்பை டவலிலிருந்து பிரித்தாள். பூச்சார்ஜரைக் குத்தினாள். விளக்கு எரியவில்லை. பட்டனை அரை நிமிஷம் அழுத்தியும் பார்த்தாள். எரியவில்லை. இத்தனை பேரிடம் வீராப்பு பேசிவிட்டு, நாளைக் காலை ஒன்பது மணிக்கு என்ன செய்யப் போகிறாள்? பச்சையப்பன் வாய் தன்னையறியாமல், "முதலியார்பேட்ட, முருங்கப்பாக்கம்..." என்று முணுமுணுத்தது.

"சும்மா இரு!"

பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். சார்ஜர் குத்துகிற ஓட்டை பாதிக்குமேல் அடைத்துக் கிடந்தது. அதைச் சுற்றிக் காய்ந்த மஞ்சள் தீற்று ஒன்று, அதன்மேல் சிவப்புப் பொட்டு. ஏற்கெனவே இரண்டு சார்ஜரைக் குத்திக் குத்திச் சந்தனத்தை உள்ளே நன்றாகக் கெட்டித்திருந்தார்கள். கடைக்காரரிடம் ஈர்க்குச்சி ஒன்று வாங்கி மெல்ல நோண்டினாள். சந்தனம் வந்தது. குங்குமம் வந்தது. கடைசியில் நசுங்கிய பொரி ஒன்று வந்தது.

அதை உள்ளங்கையில் வைத்துப் புருஷன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"கன்னி இவதானா?"

"நான் தொடல செல்வி... பூஜதான்..."

சார்ஜரைக் குத்தினாள். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. செல்வகுமாரி பெஞ்சில் சாய்ந்து, கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். பச்சையப்பன் அழுதே விட்டான்.

மறுநாள் காலை லாகின் விழுந்தது. வேலை நிரந்தரமானது. தகரக் கொட்டகை இருந்த மனை விற்றுப் போனது. வாங்கியவர் முதல் வேலையாக வாஸ்து பார்க்க ஆள் கூட்டி வந்தார் என்று கேள்வி.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. பச்சையப்பன் டிராக்டருக்கு வைத்தான், மோட்டாருக்கு வைத்தான், கிரைண்டருக்கும் வைத்தான். விரலில் மிச்சச் சந்தனத்தோடு லேப்டாப் முன்னால் வந்து நின்றான். செல்வகுமாரி நிமிர்ந்து பார்த்தாள். விரல் அந்தரத்தில் நின்றது.

"வேணாம் செல்வி, வெக்கல. மிச்சத்த எங்க வெக்கிறதுன்னுதான் யோசன."

அவள் அவன் கையைப் பிடித்து, அந்த விரலை அவன் நெற்றியிலேயே வைத்து அழுத்தினாள்.

"இங்க வை. நம்ம வூட்டுல எடுத்துப் பொழங்காம துருப்புடிச்சிக் கெடக்குற ஆயுதம் இது ஒண்ணுதான்."